சந்தனப் பொட்டு வைத்த ரேஸ் ஹெட்டுகள்

பிள்ளைகளே, ஆயுத பூசையன்று காலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்தால், கூடத்து நடுவில் வாழையிலை போட்டு, என் ஸ்பேனர்களுக்கும் உங்கள் அம்மாவின் அரிவாள்மணைக்கும் இடையில் மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அலுமினிய ஹெட்டுகள் இரண்டு உட்கார்ந்திருந்தன.

இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். தகடு தகடாக இருக்கும் அவற்றின் விலாவில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சாமந்தி இதழ் செருகியிருந்தது. ஊதுவத்திப் புகையில் அவை ஏதோ எங்கள் குலதெய்வம் போலவே இருந்தன.

"இத யாரு இங்க வச்சது?" என்றேன்.

"இன்னா கேள்வி அது. இரும்பு சாமான் எல்லாத்தியும் எட்த்து வைன்னு நீதான சொன்ன," என்றாள் உங்கள் அம்மா.

"இது இரும்பு இல்ல."

"அப்ப இன்னா, பித்தளையா?"

"அஞ்சல, இது நம்மளுதே இல்ல. பாத்துட்டுத் தரேன்னு எடுத்தாந்தது. வாங்கறதா வேணாமான்னே நான் இன்னும் சொல்லல."

அவள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "கற்பூரம் காட்டியாச்சு. இனிமே நம்மளுதுதான்."

கதவுக்குப் பின்னால் யாரோ பொரி மெல்லும் சத்தம் கேட்டது. பார்த்தால் துலுக்காணம்.

துலுக்காணமும் அவன் வண்டியும்

போன வாரம், வெள்ளக் காலத்தில் சடையங்குப்பத்துக்குப் படகில் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பாடு தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் சின்னவள், "எப்பப் பாரு சாப்பாட்டுக் கதை. மாமா கதைய எழுதுப்பா" என்றாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குத் தலைவலிதான் வருகிறது.

துலுக்காணம் உங்கள் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்தான். சண்டை முடிந்ததும், ஆள் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்ததைப் போட்டு, பட்டாளத்தார் ஏலம் விட்ட ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அது லேசுப்பட்ட வண்டி அல்ல. இரண்டு விரலை விரித்துக் காட்டுவது போல இரண்டு சிலிண்டர். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டியைக் கழற்றிவிட்டு நானும் அவனும் ஒரு மரப்பெட்டி செய்து மாட்டினோம். உள்ளே தகரம் அடித்தோம். எண்ணூரில் விடிகாலையில் மீனை ஐஸோடு பெட்டியில் கொட்டிக்கொண்டு ராயபுரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுவான். சீக்கிரம் போய்ச் சேர்ந்த மீனுக்கு விலை. வெயில் ஏறிப் போனால் பூனைக்குத்தான்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு லாரி வந்தது.

கயிறு வேணுமா

லாரி பட்டணத்துக் கமிஷன் மண்டிக்காரர் ஒருவருடையது. அது வந்த பிறகு துலுக்காணத்துக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அவனால் பொறுக்க முடியாதது வேறு.

எண்ணூர் ரோட்டில் லாரி பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். இவன் ஒதுங்குவான். தாண்டிப் போகும்போது, பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் கிளீனர் ஒரு கயிற்று முனையைத் தொங்கவிட்டு ஆட்டுவான். "இன்னா நைனா, கட்டிக்கிறியா? இஸ்துக்கினு போறோம்."

தினமும் இது. தினமும் அதே கயிறு.

"ஒரே ஒரு நாளு மாமா," என்று வந்து நிற்பான் துலுக்காணம். "ஒரே ஒரு நாளு நான் அவனத் தாண்டிக்கினு போவணும். அப்பால எனுக்கு ஒண்ணியும் வேணாம்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இரும்பு வளைந்தால் நிமிர்த்தத் தெரியும்.

அப்போதுதான் ராயபுரத்து டெரிக் துலுக்காணம் கண்ணில் பட்டான். டெரிக் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியப் பையன். பட்டாளத்தார் விட்டுவிட்டுப் போன விமான ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவான். அவன் வண்டியும் துலுக்காணத்தின் வண்டி இனம்தான். அதில் மாட்டி ஓட்டிய ரேஸ் ஹெட்டுகள் இரண்டை அவன் விற்கப்போவதாகச் சொல்ல, இவன் அன்றே கோணிப்பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"நீ பாத்து சொல்லு மாமா. நீ சொன்னா சரி. வேணான்னா வேணாம்."

இந்த "நீ சொன்னா சரி" என்ற பேச்சை யாராவது உங்களிடம் சொன்னால், பிள்ளைகளே, எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடுங்கள்.

ஹெட்டு என்றால்

சோற்றுப் பானைக்கு மூடி போல, சிலிண்டருக்கு மூடி ஹெட்டு. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுந்தி, பொறி பட்டு வெடிக்கும். அந்த வேகத்தில்தான் வண்டி ஓடும். ரேஸ் ஹெட்டின் உட்கூரை தாழ்வாக இருக்கும். அதனால் ஆவி இன்னும் நெருக்கமாக அழுந்தும். வெடியும் பலமாக இருக்கும்.

நல்ல பெட்ரோலாக இருந்தால் சரி. நல்ல பெட்ரோலுக்கு எங்கே போவது? அப்போது பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பனில் வருவதே மட்டம். அது போதாது என்று துலுக்காணம் அதில் கிருஷ்ணாயில் கலப்பான். உங்கள் அம்மா விளக்குக்கு வைத்திருந்த புட்டி எத்தனை முறை காலியாகியிருக்கிறது தெரியுமா? கேட்டால் எலி தட்டிவிட்டது என்பான்.

அதற்கு முன்னால் சண்டைக் காலத்தில் இன்னும் மோசம். பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. பாலத்து மேட்டில் ஏறாது. கண்டக்டர் இறங்கச் சொல்வார். டிக்கெட் வாங்கிய நாங்களே தள்ளுவோம். மேலே ஏறியதும் டிரைவர் எங்களுக்காக நிறுத்த மாட்டார், நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று. நாங்கள் பின்னாலேயே ஓடி ஏறுவோம். ஒரு தடவை என் செருப்பு பாலத்திலேயே நின்றுவிட்டது. சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, கிருஷ்ணாயில் கலந்த பெட்ரோலைப் போட்டு ரேஸ் ஹெட்டு மாட்டினால் இன்ஜின் உள்ளே சுத்தியால் தட்டுவது போலத் தட்டும். தட்டத் தட்ட பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அந்த வண்டிக்கு மாற்று பிஸ்டன் பட்டணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வண்டி நின்றால் துலுக்காணம் நின்றான். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"கிருஷ்ணாயில் ஊத்த மாட்டேன்னு சொல்லு," என்றேன்.

"ஊத்த மாட்டேன்."

"கூப்பன் தீந்துட்டா?"

"அத அப்பப் பாத்துக்கலாம் மாமா."

கிரேன் ஆறுமுகம் தீர்ப்பு

ஆலையில் தொடர்ந்து வேலை இருந்ததால் ஹெட்டுகளை மூலையில் வைத்துவிட்டு, பூசை லீவில் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று இருந்தேன். பூசையன்று சாயங்காலம் பெரம்பூரிலிருந்து ஒருவர் அவற்றைக் கேட்டு டெரிக்கிடம் வருவதாக இருந்தார். அதற்குள் நாங்கள் ஒரு பதில் சொல்லவேண்டும். பகல் முழுக்கக் கிடக்கிறதே என்று நினைத்தேன்.

பகல் கிடந்தது. ஆனால் ஹெட்டுகள் பூசையில் இருந்தன. என் ஸ்பேனர், ஸ்கேல், அரம், மட்டம் பார்க்கும் நீல மை டப்பா எல்லாம் பூசையில் இருந்தன. பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. எதைப் பார்க்க வேண்டுமோ அதையும் தொடக்கூடாது. எதைக்கொண்டு பார்க்க வேண்டுமோ அதையும் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டு ஆறுமுகம் பொரி வாங்க வந்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மோட்டார் சைக்கிளில் ஒருநாளும் ஏறியதில்லை, பயம். கையில் பொரியோடு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹெட்டுகளைச் சுற்றி ஒரு முறை வந்தார்.

"ஷோக்கா கீது. வாங்கிடு," என்றார்.

"இன்னா பாத்து சொல்ற?" என்றேன்.

"களையா கீதுப்பா."

"அண்ணே, இது இன்ஜின்ல மாட்றது. பொண்ணு பாக்க வரல."

"அப்ப ஒண்ணு மட்டும் வாங்கு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பாதி வேகம் கூடும். ஆபத்தும் பாதி."

துலுக்காணம் இதைக் கேட்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு மண்டை வெடிக்கும் போல இருந்தது. இரண்டு காளையில் ஒன்றை அவிழ்த்துவிட்டுக் குதிரையைப் பூட்டினால் வண்டி எங்கே போகும் என்று கேட்டேன். அது காளையைப் பொறுத்தது என்றார் ஆறுமுகம்.

இந்தப் பேச்சு எல்லாம் காதில் விழ, உங்கள் அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, எவ்ளோ வேகமா போனாலும் பொட்டில நாலு கூடதான ரொம்பும்? லாரில நாப்பது கூட ஏத்தறான். நீ மொதல்ல போயி இன்னா பண்ணப்போற?"

இத்தனை நாளில் இதை நானும் கேட்கவில்லை.

"கூடயப் பத்தி இல்லக்கா," என்றான் துலுக்காணம். "அந்தக் கவுறு."

கண்ணாடியும் விளக்குக் கரியும்

பழைய ரேஸ் ஹெட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிமுகம் சமமாக இருக்கிறதா என்பது. பந்தயத்தில் சூடேறிச் சூடேறி அலுமினியம் வளைந்துபோகும். வளைந்ததை மாட்டினால் ஓரத்தில் ஆவி கசியும்.

நீல மையும் மட்டப் பலகையும் பூசையில் இருந்தன. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. நல்ல கண்ணாடி சமமாக இருக்கும். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அதன்மேல் மெல்லியதாகத் தடவி, ஹெட்டை அதில் உட்காரவைத்து எடுத்தால், எங்கெங்கே படுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டும். கண்ணாடி பூசையில் இல்லை. அதைத் தொடலாம்.

கண்ணாடியைக் கழற்றினேன்.

"அது எங்கம்மா குட்த்தது," என்றாள் உங்கள் அம்மா.

"தொடச்சிக் குடுத்துடறேன்."

"சாமான நீ தொடக்கூடாது. அவன் தொடட்டும். அவன் பண்ண வேலதான இது."

ஆக, வேலை தெரிந்த நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, துலுக்காணம் ஹெட்டைத் தூக்கினான். மேலே சந்தனம் கலையாமல், இதழ் உதிராமல், பச்சைக் குழந்தையைப் போல. "மெதுவா. அமுக்காத. லேசா அசை. இப்ப தூக்கு." என் கை அரித்தது.

முதல் ஹெட்டு தூக்கியபோது அடிமுகம் சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஆசை வந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான வேலை.

இரண்டாவதை எடுக்கத் துலுக்காணம் தயங்கினான். வேர்வையைத் துடைத்தான், தண்ணீர் குடித்தான். அதுவும் அது மாதிரிதானே இருக்கும் என்றான். வை என்றேன்.

வைத்து எடுத்தான். இரண்டு முனையில் மட்டும் கறுப்பு. நடுவில் வெள்ளி மாதிரிப் பளபளவென்று அலுமினியம். திரும்பக் கண்ணாடியில் வைக்கச் சொல்லி, ஊதுவத்திக் கட்டின் காகிதத்தை அடியில் விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. மடித்து விட்டேன். மடித்ததும் நுழைந்தது.

"லேத்துல போட்டு ஒரு சீவு சீவிட்டா?" என்றான்.

"சீவுனா கூரை இன்னும் தாழும். இன்னும் அழுத்தும். நீ ஊத்தற எண்ணெய்க்கு ஒரு வாரம் தாங்காது."

அவன் ஹெட்டைத் திரும்ப வாழையிலையில் வைத்தான். ஆறுமுகம் மட்டும், "அப்ப அந்த நல்லத வாங்கிடு," என்றார்.

தாம்பூலம்

சரி, திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கோணியை எடுத்தேன். உங்கள் அம்மா வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள்.

"கும்புட்ட பொருள அன்னிக்கே வூட்ட வுட்டு அனுப்புவாங்களா?"

"பெரம்பூர்காரன் சாயங்காலம் வந்துருவான் அஞ்சல. அவங்களுக்கு வியாபாரம் போயிடும்."

"வரட்டும். நாளிக்கு வாங்கிக்கட்டும்."

நான் என்ன சொல்லியும் நகரவில்லை. வாங்காத பொருளுக்குப் பொட்டு வைத்தது யார் தப்பு என்று கேட்டேன். பொட்டு வைத்த பிறகு தப்பு என்ன சரி என்ன என்றாள். ஒரு பக்கம் டெரிக், ஒரு பக்கம் சரஸ்வதி. நடுவில் நான், கையில் கோணிப்பை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஒரு தட்டில் இரண்டு வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல். பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புவது போல மரியாதையாக அனுப்பினால் சாமி கோபித்துக்கொள்ளாது. கோணியில் போடக்கூடாது. மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

அப்படியே போனோம். மாலை போட்ட வண்டியைத் துலுக்காணம் ஓட்டினான். நான் மீன் பெட்டியில் ஐஸ் தண்ணீர் ஊறிய தகரத்தின்மேல், மடியில் இரண்டு ஹெட்டு, ஹெட்டின்மேல் தாம்பூலத் தட்டு. தண்டையார்பேட்டையில் தெரிந்தவர்கள் நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார்.

டெரிக் வீட்டு வாசலில்

டெரிக் அரைக்கால் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். என் மடியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"இன்னா மேன் இது? எங்க ஹெட்டுக்குக் கல்யாணம் பண்ணிட்டீங்களா?"

வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டான். நல்ல பையன், குறை சொல்லக்கூடாது. ஒருவன் பொருளில் குற்றம் சொல்வதென்றால் பக்குவமாகச் சொல்ல வேண்டுமே. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். முதல் ஹெட்டு பிரமாதம் என்றேன். இரண்டாவதில் நடுவில் ஒரு சின்ன வளைவு இருப்பது போல எனக்குப் பட்டது, என் கண்ணாடியே கோணலாக இருந்தாலும் இருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"இருக்குமா இன்னா, இருக்கு மேன்," என்றான் டெரிக், பழத்தை மென்றுகொண்டே. "அதனாலதான் ரெண்டும் சேத்து மலிவா தரேன். இவன்கிட்ட மொத நாளே சொன்னேனே. பெரம்பூர் ஆளுகிட்ட லேத் இருக்கு, நல்ல பெட்ரோல் இருக்கு, அவன் சரி பண்ணிப்பான்."

நான் திரும்பினேன்.

துலுக்காணம் ஹாண்டில்பாரில் கட்டியிருந்த மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

ஒரு வாரம் அந்தக் கோணியைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். லீவு நாள் போயிற்று. மாமியார் கண்ணாடியில் கரியைப் பூசி, தகரத்தில் உட்கார்ந்து வேட்டியெல்லாம் மீன் தண்ணீர். இவனுக்கு முதல் நாளே தெரியும்.

"அப்ப எதுக்குடா என்ன கேட்ட?"

"சொன்னா நீ வேணான்னுருவ."

"கேட்டதே அதுக்குத்தானடா. வேணுமா வேணாமான்னு."

"வேணாம்னு சொல்ல எனக்கே தெரியும் மாமா," என்றான், என்னைப் பார்க்காமல். "நீ ஒரு தபா வேணும்னு சொன்னா, மாட்டி ஓட்டிடலாம்னு இருந்தேன். நீ சொன்னா வண்டி தாங்கும்னு தோணிச்சி."

டெரிக் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான். "பிரதர், இப்ப இன்னா, எடுக்கிறீங்களா இல்லியா?"

எனக்கு வந்த கோபத்தில் எடு, மாட்டு, உடைத்துக்கொண்டு போ என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் அன்று சாயங்காலமே மாட்டியிருப்பான். மறுநாள் ஒருவேளை அந்த லாரியைத் தாண்டியும் இருப்பான். அதற்கு அடுத்த நாளோ, அடுத்த வாரமோ, எண்ணூர் ரோட்டில் உப்பளத்துப் பக்கம் பிஸ்டன் ஓட்டையாகி, ஐஸ் உருக உருகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அப்போது அந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

"வேணாம்," என்றேன்.

துலுக்காணம் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். என் மடியிலிருந்த ஹெட்டுகளை வாங்கித் திண்டின்மேல் வைத்தான். யாரும் சொல்லாமலே தன் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துச் சந்தனத்தைத் துடைத்தான். தகட்டுச் சந்தில் ஒட்டிய குங்குமத்தை விரல் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு சந்தாகத் துடைத்தான். வளைந்ததையும் நல்லதையும் ஒரே மாதிரி துடைத்தான். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. டெரிக் அவசரப்படுத்தவில்லை.

பிறகு வந்து வண்டியை உதைத்துக் கிளப்பினான். "ஏறு மாமா."

காசிமேடு வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகுதான் கவனித்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு சவாரி இல்லாத ஒரு ஜட்கா. பிறகு விறகு ஏற்றிய ஒரு மாட்டு வண்டி. வண்டிக்காரர் பின்னால் திரும்பி, பழுதா என்று கையால் கேட்டார். இல்லை என்று துலுக்காணம் கையால் சொன்னான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து, பாடம் படிக்கிற பிள்ளை போல ஓட்டினான். நல்ல இன்ஜின் அடியில் தூங்கி வழிந்தது. கடற்காற்று ஓய்ந்து, தகரம் என் கீழே மெல்ல நாற ஆரம்பித்தது.

தண்டையார்பேட்டை வந்தும் அதே நடை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேண்டா."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீதான மாமா வேணான்ன," என்றான்.